ஸ்டாம்ப் பேடு ஊதா

கடிதம் வந்த அன்று நான் அதை மூன்று முறை படித்தேன். முதல் முறை புரியவில்லை. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை கையிலிருந்த தண்ணீர் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். எவர்சில்வர் டம்ளர் என்பதால் உடையவில்லை, நசுங்கியது. ஒரு டம்ளரைக்கூட ஒழுங்காக உடைக்க முடியவில்லையே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஓவியக் கூடத்தின் ஆண்டுக் கண்காட்சிக்கு நான்கு படங்கள் அனுப்பியிருந்தேன். நான்கும் திரும்பி வந்துவிட்டன. கூடவே தேர்வுக் குழுத் தலைவர் கையெழுத்துப் போட்ட கடிதம். "தங்களிடம் திறமை இருக்கிறது. ஆனால் தங்கள் குடும்பத்திலேயே உள்ள ஓர் ஓவியரின் பாணியை அப்படியே பின்பற்றியிருக்கிறீர்கள். நகல் எவ்வளவு அழகாக இருந்தாலும் நகல்தான். சொந்தப் பார்வையைத் தேடிக் கண்டடைய வாழ்த்துகள்."

குடும்பத்திலேயே உள்ள ஓவியர் என்றால் என் அண்ணன். பத்திரிகைகளில் அவனை 'விடியல் ஓவியர்' என்று எழுதுவார்கள். என் அண்ணன் பிறந்ததிலிருந்து காலை ஒன்பது மணிக்கு முன்னால் தானாகக் கண் விழித்தவன் இல்லை. பள்ளிக்கூட நாட்களில் அவனை எழுப்புவதற்கு அம்மா ஈரத் துணியோடு வருவாள். அவனுக்கு அந்தப் பட்டம் கிடைத்ததற்குக் காரணம் ஒரே ஒரு படம், 'ஆற்றில் விடியல்'. அதை வரைந்தது நான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. ஆற்றின் இக்கரைப் படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் வேலை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் நான் 'டிக்கெட்டு'. நாலடிக்கு நாலடி அறை, தகரக் கூரை, ஒரு முக்காலி, முன்னால் கம்பி போட்ட சன்னல். ஐந்து நாற்பதுக்கு அக்கரையில் மணி அடித்து முதல் படகு கிளம்பும். இங்கே வந்து சேரப் பதினோரு நிமிஷம். இக்கரை ஆட்கள், படகு பாதி ஆறு தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வீட்டு வாசலையே தாண்டுவார்கள். ஆக, அந்தப் பதினோரு நிமிஷத்தில் அங்கே ஆறும் நானும் மட்டும்தான்.

ஒரு முழம் அகலமுள்ள ஒட்டுப்பலகைக்கு வெள்ளைப் பூச்சு கொடுத்து, கவுண்டர் மேசைக்கு அடியில் சாய்த்து வைத்திருந்தேன். ஒரு நாளைக்கு ஒன்றுதான். இன்றைக்குத் தண்ணீர் மட்டும், நாளைக்கு அக்கரை மரங்கள் மட்டும், படகின் கறுப்பு மட்டும் ஒரு வாரம். இலை, கிளை என்று வரைந்துகொண்டிருக்க நேரம் கிடையாது. வெளிச்சம் எங்கே விழுகிறதோ அங்கே ஓர் இழுப்பு. கிட்டே போய்ப் பார்த்தால் திட்டுத் திட்டாக இருக்கும். பத்தடி தள்ளி நின்றால் ஆறு தெரியும். இதற்கு இம்ப்ரெஷனிசம் என்று ஒரு பெயர் இருப்பதே, பிற்பாடு அண்ணனைப் புகழ்ந்து எழுதிய கட்டுரையைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சூரியன் வருவதற்குச் சற்று முன்னால் தண்ணீருக்கு ஓர் ஊதா வரும். மூன்று நிமிஷம்கூட இருக்காது. என்னிடம் இருந்த ட்யூப்களில் ஊதா இல்லை. நீலத்தையும் சிவப்பையும் கலந்து பார்த்தேன், கத்தரிக்காய்தான் வந்தது. கடைசியில் ஒருநாள், டிக்கெட்டில் முத்திரை குத்துகிற ஸ்டாம்ப் பேடில் விரலை அழுத்தி, வர்ணம் படாமல் விட்டிருந்த வெள்ளைப் பூச்சில் தேய்த்தேன். அதுவரை படுத்துக் கிடந்த ஆறு எழுந்து உட்கார்ந்தது. டிக்கெட் கொடுக்கிறவளின் விரல் ஊதாவாக இருந்தால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

நாற்பத்து மூன்று நாளில் முடித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணன் அப்போது பெரிய மனிதர்களின் உருவப்படம் வரைந்துகொண்டிருந்தான். மூக்கும் மீசையும் மெடலும் அச்சு அசலாக வரும். என் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, பிரஷ் துடைச்ச துணி மாதிரி இருக்கு" என்றான். அம்மாவுக்குப் பிடித்திருந்ததால் கூடத்தில் மாட்டினாள்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணனைப் பேட்டி எடுக்க ஒரு பத்திரிகை ஆசிரியர் வந்தார். மெடல்களையும் மீசைகளையும் மரியாதைக்குப் பார்த்துவிட்டுக் கூடத்துச் சுவர் முன்னால் போய் நின்றவர், நகரவே இல்லை. "இதை எப்ப சார் வரைஞ்சீங்க?" என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நானும் அங்கேதான் நின்றேன். நானும் திறக்கவில்லை. அதற்கு முந்தின மாதம்தான், வேலை நேரத்தில் கவனம் வேறெங்கோ இருக்கிறது என்று மேலதிகாரி எனக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்திருந்தார். கவுண்டரில் உட்கார்ந்து படம் வரைந்தேன் என்று பத்திரிகையில் வந்தால் மறுநாள் வேலை போய்விடும். அந்தப் பயம் உண்மை. அதை நான் இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் போட்டோ எடுக்க அவர்கள் மறுநாள் வந்தபோது, படத்தின் வலது மூலையில் அண்ணனின் கையெழுத்து இருந்தது. அன்று ராத்திரி சண்டை போட்டேன். "உன் வேலையைக் காப்பாத்தத்தான் செஞ்சேன். நீ ரிடையர் ஆனதும் சொல்லிடலாம்" என்றான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கணக்காகத் தாராளமாகச் சொன்னான். நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் அவனிடம் விடியலையே கேட்டார்கள். போட்டோ பார்த்து வரைந்து தள்ளினான். ஒவ்வொன்றிலும் சூரியன் பொரித்த முட்டையாக உட்கார்ந்திருக்கும். ஆனாலும் அந்த முதல் படத்துக்காக மற்றதையும் சேர்த்துப் புகழ்ந்தார்கள். என் படத்தின் இடது ஓரத்தில் செங்குத்தாக ஒரு கறுப்புக் கோடு வரும். 'மனிதனின் ஆழ்ந்த தனிமையைக் குறிக்கும் கோடு' என்று ஒரு விமர்சகர் நான்கு பக்கம் எழுதினார். அது டிக்கெட் கவுண்டரின் சன்னல் கம்பி. அங்கேதான் இருந்தது, அதனால் வரைந்தேன்.

நான் ரிடையர் ஆகிப் பதினாலு மாதம் ஆகிவிட்டது. அண்ணன் சொல்லவில்லை. முதலில் மகள் கல்யாணம் முடியட்டும் என்றான். பிறகு விருது அறிவிப்பு வரட்டும் என்றான். கடிதம் வந்த அன்று போன் செய்து அதை அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"விடு டிக்கெட்டு, அவங்களுக்கு என்ன தெரியும்" என்றான்.

"அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமே."

"விழா முடியட்டும். கண்டிப்பா பேசலாம்."

விழா என்பது அவனுடைய நாற்பது வருஷப் படங்களை ஒரே இடத்தில் வைக்கிற கண்காட்சி. அதே ஓவியக் கூடம். நடுச் சுவரில் என் ஆறு. கண்காட்சிக்கான புத்தகம் அச்சாகிவிட்டது, அட்டையிலும் என் ஆறுதான். அந்தப் படம் அவன் பெயரில் அந்தச் சுவரில் ஏறிவிட்டால், அப்புறம் நான் சாகிற வரைக்கும் எனக்கே நகலாக இருக்க வேண்டியதுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு முழு ஆற்றை மறைத்ததை என் வீட்டில்தான் பார்த்தேன்.

விழாவுக்கு முந்தின நாள் காலை பதினோரு மணிக்கு அண்ணி போன் செய்தாள்.

"டிக்கெட்டு, உடனே ஓவியக் கூடத்துக்கு வா. உங்க அண்ணனுக்குப் படபடன்னு வருது."

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க அண்ணி. நான் வந்து என்ன ஊசியா போடப் போறேன்?"

"படம் போச்சு. உன்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "அந்த ஆத்துப் படம். சுத்தம் பண்றேன்னு துடைச்சாங்களாம். ஊதா எல்லாம் பஞ்சோட வந்துடுச்சு."

போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றேன். பிறகு அலமாரியைத் திறந்தேன். படகுத்துறையில் டிக்கெட் அடிக்க மிஷின் வந்தபோது, வேண்டாமென்று ஒதுக்கிய ஸ்டாம்ப் பேடையும் மைப் புட்டியையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். இரண்டையும் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தக் கடிதத்தையும் போட்டுக்கொண்டேன்.

ஓவியக் கூடத்தின் பின்பக்கத்தில் பழைய படங்களைச் சீர்செய்கிற அறை இருந்தது. நீள மேசை, வளைகிற விளக்கு, சின்னச் சின்னப் புட்டிகள், குச்சியில் சுற்றிய பஞ்சு. அந்த வேலையைச் செய்கிறவளுக்கு நாற்பது வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றியிருந்தாள். எனக்கு அவள் பெயர் தெரியாது. மனதுக்குள் பஞ்சுக்காரி என்று வைத்துக்கொண்டேன். அவள் முகம் வெளுத்திருந்தது. அண்ணன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். அண்ணி அவனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

மேசையில் என் படம் சட்டமும் கண்ணாடியும் இல்லாமல் கிடந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு கண்ணாடி இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். மரங்கள் இருந்தன, படகு இருந்தது, சன்னல் கம்பி இருந்தது. நடுவில் ஆறு இருந்த இடம் பாத்திரம் கழுவிய தண்ணீராக வெளிறிக் கிடந்தது. பக்கத்துத் தட்டில் ஊதாப் பஞ்சுகள். அந்தத் தட்டைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நாற்பத்து மூன்று நாள் நான் காத்திருந்து பிடித்ததை எடுத்துக் குப்பையாக வைத்திருந்தார்கள்.

"வந்துட்டியா, வா" என்று எழுந்தான் அண்ணன். பஞ்சுக்காரியிடம், "என் தங்கச்சி. கலர் கலக்கறதுல கொஞ்சம் கை உண்டு" என்றான்.

கொஞ்சம் கை உண்டாம். பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்படி ஆச்சு?" என்று அவளைக் கேட்டேன்.

"தண்ணி தொட்டுத் துடைச்சேன் மேடம். ஓரத்துல சோதிச்சுப் பாத்தேன், ஒண்ணும் ஆகல. இந்த ஊதா மட்டும் சந்தேகமா இருந்துச்சு. சாருக்குப் போன் பண்ணி, இது என்ன வர்ணம்னு கேட்டேன். எல்லாமே வெளிநாட்டு எண்ணெய் வர்ணம், தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது, தைரியமா துடைங்கன்னாரு. முதல்ல பஞ்சு அழுக்காச்சு, தூசின்னு நெனச்சேன். அப்புறம் ஊதாவாயிடுச்சு. அதுக்குள்ள ஈரம் பரவிடுச்சு."

நான் அண்ணனைப் பார்த்தேன். "எந்த ட்யூப்?"

"முப்பது வருஷம் ஆச்சு. அதெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

அதுதான் என்னை உச்சிக்குக் கொண்டுபோனது. திருடியவனாவது திருடிய பொருள் என்னவென்று தெரிந்துவைத்திருக்க வேண்டாமா? என் படத்தைத் தன் படம் என்றான், பொறுத்தேன். அது எதனால் ஆனது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்னிடம் கேட்டிருந்தால் இன்றைக்கு அது பிழைத்திருக்கும். கேட்கவில்லை. கேட்டால் வரைந்தது நான் என்று அவனுக்கே நினைவு வந்துவிடும் அல்லவா.

அண்ணன் என்னைச் சன்னலோரம் இழுத்துப் போனான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எப்படியாவது சரி பண்ணிடு. நாளைக்குச் சாயங்காலம் இது நடுச் சுவர்ல தொங்கணும்."

"பண்றேன். ஒரே ஒரு வாக்கியம் சொல்லு. யார் வரைஞ்சதுன்னு. அந்தம்மா முன்னாடி சொல்லு, நாளைக்கு மைக்ல சொல்லு."

"இங்கயா? இப்பவா?"

"பின்ன எங்க? ஆத்துக்கு நடுவுல போய் நின்னு சொல்றியா?"

"கோவப்படாத. நாம ரெண்டு பேரும் சேர்ந்து வரைஞ்சதா சொல்லிடலாம். கௌரவமா இருக்கும்."

"சேர்ந்தா? நான் வரைஞ்சிட்டு இருந்தப்ப நீ குறட்டை விட்டுட்டு இருந்த. அதைச் சேத்துக்கணும்னா சேத்துக்கோ."

நான் குரலைத் தாழ்த்தவில்லை. அண்ணியின் விசிறி நின்றது. பஞ்சுக்காரி தட்டை எடுத்து எங்கேயோ வைப்பதுபோல் நகர்ந்து, வைக்காமல் அப்படியே நின்றாள். அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. அவனுக்கும் கோபம் வரும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

"உன் தயவு வேண்டாம். நானும் ஓவியன்தான். நானே போட்டுக்கறேன்" என்றான்.

"போடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அவனுடைய பெட்டியைத் திறந்தான். நிஜமாகவே வெளிநாட்டு ட்யூப்கள். முதலில் ஓர் அட்டையில் போட்டுப் பாருங்கள் என்று பஞ்சுக்காரி கெஞ்சியதால் அட்டையில் போட்டான். முதல் ஊதா, அடிபட்ட முழங்காலின் நிறத்தில் வந்தது. கொஞ்சம் வெள்ளை சேர்த்தான். பள்ளிக்கூட ரிப்பன் நிறம் வந்தது. நீலம் சேர்த்தான், கறுப்பு சேர்த்தான், துடைத்தான், மறுபடி ஆரம்பித்தான். நான் அவனுடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கை. மூக்கு என்றால் மூக்கு, மெடல் என்றால் மெடல், கண்ணால் பார்த்ததை அது பிசகாமல் வரையும். ஆறேழு திட்டுகள் அட்டையில் வரிசையாக நின்றன. ஒன்றுகூட ஆறு இல்லை என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

பிரஷ் நின்றது. என் பக்கம் திரும்பாமலேயே கேட்டான்.

"அந்த நேரத்துல தண்ணி எப்படி இருக்கும்?"

அவன் மறுபடியும் சொன்னான், யாரிடமும் இல்லாமல் அட்டையைப் பார்த்துச் சொன்னான். "நான் பாத்ததே இல்லையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குப் புரிந்தது. பிரஷை அட்டை மேல் வைத்தான். அது உருண்டு தரையில் விழுந்தது. அதை எடுக்கவும் யாரும் குனியவில்லை.

முதலில் பேசியது அண்ணி. "எனக்குக் கல்யாணம் ஆன வாரத்துலேருந்து தெரியும். தினமும் பத்து மணிக்கு இவரை எழுப்பறவ நான்தானே" என்றாள்.

பஞ்சுக்காரி தலையிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, படத்தின் வலது மூலையைக் காட்டினாள். "கையெழுத்துக்கு அடியில தூசி இருக்கு சார். படம் காஞ்சு, ரெண்டு வருஷமாவது தூசி படிஞ்சு, அதுக்கு மேல போட்டது. போன வாரம் படம் கைக்கு வந்த அன்னிக்கே பாத்தேன். கேக்கத்தான் வாய் வரல."

நியாயமாகப் பார்த்தால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இன்னும் எரிந்தது. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஒருத்திக்கு இருபத்தாறு வருஷமாக, ஒருத்திக்கு ஒரு வாரமாக. ஆளாளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு பூனை மாதிரி பால் குடித்திருக்கிறார்கள். நகல் என்று பெயர் வாங்கியது நான் மட்டும். இதையெல்லாம் அங்கேயே சத்தமாகச் சொன்னேன். அண்ணி அழுதாள். நான் சமாதானப்படுத்தவில்லை.

"கையெழுத்தைத் துடைக்கச் சொல்லு" என்றேன் அண்ணனிடம். "துடைச்சப்புறம்தான் என் விரல் இதைத் தொடும்."

"நாளைக்கு அத்தனை பேர் வருவாங்க. நான் என்ன சொல்றது?"

"இப்ப சொன்னியே. அதையே சொல்லு."

சன்னல் வெயில் மேசைக்காலிலிருந்து சுவருக்குப் போயிற்று. கடைசியில் பஞ்சுக்காரியைப் பார்த்து, "துடைங்க" என்றான். அதற்கு வேறு புட்டி, வேறு பஞ்சு. அரைமணி நேரம் ஆயிற்று. ஒவ்வோர் எழுத்தாகப் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

பிறகு பேடைத் திறந்து மையை ஊற்றினேன். ஊறட்டும் என்று காத்திருந்தேன். மூடியில் படகுத்துறையின் பழைய அழுக்கு இன்னும் இருந்தது. பஞ்சுக்காரி குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டாம்ப் பேடா?" என்று கேட்டுத் தன் நெற்றியில் தட்டிக்கொண்டாள். நான் விரலை அழுத்தினேன். அப்போது விரல் மெலிந்து இருந்தது, இப்போது கணு வீங்கியிருக்கிறது. அதனால் அதே ஊதா திரும்பி வரவில்லை. கொஞ்சம் கனத்த, மழைக்கு முந்தின நாளின் ஊதாதான் வந்தது. ஆனால் பத்தடி தள்ளி நின்று பார்த்தபோது ஆறு இருந்தது.

கிளம்பும்போது அண்ணனிடம் சொன்னேன். "நாளைக்குக் காலைல அஞ்சு நாப்பதுக்குப் படகுத்துறைக்கு வா. பாக்காத ஒண்ணைப் பத்தி மைக்ல பேசக் கூடாது. ஒரு தடவையாவது பாத்துட்டுப் பேசு."

"வர்றேன்" என்றான்.

ஐந்து முப்பதுக்கே நான் போய் நின்றேன். கவுண்டரில் இப்போது வேறொரு பெண். அக்கரையில் மணி அடித்தது. படகு கிளம்பியது. ஊதா வந்தது, தண்ணீர் முழுக்கப் படர்ந்தது, போயிற்று. நான் ரோட்டைப் பார்ப்பதும் ஆற்றைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று அன்றைக்கு நின்றது நான்தான். படகு வந்தது, ஆட்கள் ஏறினார்கள், சூரியன் அக்கரை மரங்களுக்கு மேலே வந்து கண் கூச வைத்தது.

ஆறு இருபத்தைந்துக்கு அண்ணன் வந்தான். தலை வாரி, விழாவுக்கு எடுத்த புதுச் சட்டையோடு வந்தான். பின்னால் அண்ணி ஓடி வந்தாள்.

"போயிடுச்சா?" என்றான்.

"போயிடுச்சு."

"அலாரம் வெச்சேன். அடிச்சது. அஞ்சு நிமிஷம்னு..."

மேலே கேட்க எனக்குத் தெம்பு இல்லை. முப்பது வருஷம் நான் காத்திருந்தேன், இவனால் ஒரே ஒரு நாள் எழுந்து வர முடியவில்லை. இவனா சாயங்காலம் உண்மையைச் சொல்லப் போகிறான்? திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். போகக் கூடாது என்றுதான் மத்தியானம் வரை இருந்தேன். அப்புறம், அவன் பொய் சொன்னால் எழுந்து நின்று கத்துவதற்காகவாவது ஆள் வேண்டுமே என்று புறப்பட்டேன்.

ஓவியக் கூடம் நிறைந்திருந்தது. நடுச் சுவரில் என் ஆறு. அதற்குக் கீழே ஒட்டியிருந்த அட்டையில் அண்ணன் பெயர். நான் நேர் எதிரே, முதல் வரிசையில் உட்கார்ந்தேன். தேர்வுக் குழுத் தலைவர் மேடையில் பேசினார். விடியலை இவரைப் போலப் பார்த்தவர் இல்லை என்றார். கை தட்டினார்கள். அண்ணன் மைக்குக்கு வந்தான்.

"இந்தப் படத்துல இருக்கற விடியலை நான் பாத்ததே இல்லை" என்றான்.

சிரித்தார்கள். அடக்கம் என்று நினைத்துவிட்டார்கள்.

"நெஜமாத்தான் சொல்றேன். நேரா பாத்து வந்துடலாம்னு இன்னிக்குக் காலைலகூடப் போனேன். லேட்டாயிடுச்சு. நான் வாழ்க்கைல எந்த விடியலுக்கும் நேரத்துக்குப் போனதில்லை. இதை வரைஞ்சது என் தங்கச்சி. அவ ஒரு நாளும் லேட்டா போனதில்லை. முதல் வரிசைல உக்காந்திருக்கா. ரொம்பக் கோவமா இருக்கா பாருங்க, அவதான்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணன் மேடையிலேயே அழுதான். அழட்டும் என்று விட்டுவிட்டேன். நான் அவனுக்கு முன்னால் அழுவதாக இல்லை. பஞ்சுக்காரி எங்கிருந்தோ வந்து, சுவரில் ஒட்டியிருந்த அட்டையை நகத்தால் உரித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கூட்டம் கலையும்போது தேர்வுக் குழுத் தலைவர் அவசர அவசரமாக என்னிடம் வந்தார். கூடவே அண்ணனையும் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

"மேடம், பெரிய தப்பு நடந்துபோச்சு. எங்களுக்குத் தெரியாதே. உங்க நாலு படத்தையும் தயவுசெஞ்சு திருப்பி அனுப்புங்க. அந்தக் கடிதத்தை மனசுல வெச்சுக்காதீங்க. அதை நாங்க வாபஸ் வாங்கிக்கறோம்."

கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். மடிப்பைப் பிரித்து, அவர் முன்னாலேயே இன்னொரு தரம் படித்தேன். குடும்பத்திலேயே உள்ள ஓர் ஓவியரின் பாணியை அப்படியே பின்பற்றியிருக்கிறீர்கள். நகல் எவ்வளவு அழகாக இருந்தாலும் நகல்தான். சொந்தப் பார்வையைத் தேடிக் கண்டடைய வாழ்த்துகள்.

"வாபஸ் எல்லாம் வேண்டாம் சார். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. கடிதத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணனின் புதுச் சட்டைப் பையில் வைத்தேன்.

"விலாசம்தான் தப்பாப் போட்டுட்டீங்க."